அண்ணியின் நீளக் கிடார்

எங்கள் நைனா சாப்பாட்டில் உட்கார்ந்தால் தலையை நிமிர்த்த மாட்டார். யார் வந்தாலும் அவர் கண் தட்டில்தான் இருக்கும். ஒருமுறை எதிர்வீட்டு வைக்கோல் போர் பற்றிக்கொண்டு தெருவே ஓடியபோது, சோற்றைப் பிசைந்தபடியே "குடத்த எடுத்துக்கினு போங்க" என்று மட்டும் சொன்னாராம். அம்மா இதைச் சில நாள் பெருமையாகச் சொல்வாள், சில நாள் குறையாகச் சொல்வாள்.

அப்படிப்பட்டவர் அன்று மதியம் தலையைத் தூக்கினார்.

முன்னறையில் மதலேன் அண்ணி ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி என் அண்ணன் சவரியோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மடியில் ஆரஞ்சும் கறுப்புமாக மின்னும் ஒரு நீளமான கிடார். அதிலிருந்து ஒரு வயர் தரையோடு ஓடி, அண்ணன் தன் கடையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த ஆம்ப்ளிஃபயரில் முடிந்தது. வால்வு சூடாகும் வாசனை ரசத்தின் வாசனையோடு கலந்து வீடு முழுக்கப் பரவியிருந்தது.

அண்ணி இருப்பதிலேயே தடித்த கம்பியை ஒரே ஒரு தடவை விரலால் இழுத்து விட்டாள்.

சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் பாதத்தில் தெரிந்தது. அடுக்களைப் பலகையில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன. நைனாவின் கை ரசம் சாதத்தில் அப்படியே நின்றது.

"இன்னா அது?" என்றார்.

"மி, மாமா" என்றாள் அண்ணி. பாண்டிச்சேரியில் கம்பிகளுக்கு அப்படித்தான் பெயர். தடித்ததிலிருந்து மி, லா, ரே, சோல்.

நைனா சிரித்தார். "மியா? நல்லா இருக்குது. இன்னொரு வாட்டி போடு."

நான் அப்போது கோயிலில் ஞாயிறுதோறும் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தேன். பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்த முன்னறையில்தான் பழகியிருக்கிறேன். இன்னொரு வாட்டி போடு என்று ஒரு நாளும் நைனா எனக்குச் சொன்னதில்லை.

எனக்கு அந்த ஒற்றை 'மி'யில் ஆரம்பித்தது.

துப்பாக்கிப் பெட்டி

அண்ணன் செஞ்சிக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தான். மைக் செட் வாடகைக்கு விடுவான். வால்வு வாங்கப் பாண்டிச்சேரிக்குப் போய்வந்துகொண்டிருந்தவன், ஒரு தடவை ஒரு வீட்டில் ஆம்ப்ளிஃபயர் சரிசெய்யப் போனான். அது பிரெஞ்சுப் பட்டாளத்தில் பேண்ட் வாசித்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவருடைய வீடு. பாண்டிச்சேரியில் அப்படிப்பட்டவர்களை சொல்தா என்பார்கள். அந்த சொல்தாவுக்குப் பெண் பிள்ளைகள் மட்டுமே. கல்யாண வீடுகளில் நடன இசை வாசிக்க ஒரு குழு வைத்திருந்தார். அதில் பேஸ் கிடார், அதாவது பாட்டுக்கு அடியில் கனத்த சத்தம் தரும் நாலு கம்பிக் கிடார், வாசித்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட, மூத்த மகள் மதலேனைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்.

ஆம்ப்ளிஃபயர் ஒரே நாளில் சரியாகிவிட்டது. அண்ணன் அதற்குப் பிறகும் அடிக்கடி போய்க்கொண்டிருந்தான்.

கல்யாணம் பாண்டிச்சேரியிலேயே முடிந்து, திண்டிவனம் வழியாக பஸ்ஸில் செஞ்சிக்கு வந்து இறங்கினார்கள். பஸ் மேலிருந்து இரண்டு கறுப்புப் பெட்டிகளை இறக்கினார்கள். ஒன்று நீளம், ஒன்று குட்டை. சொல்தா வீட்டுப் பெண் என்று ஊருக்கு ஏற்கெனவே தெரியும். பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று டீக்கடையில் ஒருவர் சொல்ல, பஸ் ஸ்டாண்டே கூடிவிட்டது. அண்ணன் வேறு வழியில்லாமல் அங்கேயே பெட்டியைத் திறந்து காட்டினான்.

நான் வீட்டில் ஆரத்தித் தட்டோடு காத்துக்கொண்டிருந்தேன். இலை பறிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரிதான், உங்க அண்ணி வயிறு வச்ச வயலின் ஒண்ணு கொண்டாந்திருக்கா, நீங்க பாக்கலியா என்று என்னிடம் கேட்டாள். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆடுமாடு எல்லாம் பார்த்த பிறகுதான் நான் அந்தக் கிடார்களைப் பார்த்தேன். வீட்டுப் பெண்ணான எனக்குக் கடைசியில்!

பீரோ மாதிரி ஒரு பெட்டி

அண்ணனிடம் ஒரு சின்ன இசைக்குழு இருந்தது. ஒரு பாடகர், ஒரு தபலாக்காரர், ஒரு கிடார்காரர், ஆர்மோனியத்துக்கு நான். அண்ணன் மைக்கும் மேடையும் பார்த்துக்கொள்வான். சுற்றுவட்டாரக் கல்யாண வரவேற்பு, மாதா கோயில் திருவிழா என்று மாதத்துக்கு ஓரிரண்டு நிகழ்ச்சி வரும். எனக்கு வேலை சிங்கவரம் பள்ளிக்கூடத்தில். சனி ஞாயிறு குழுவோடு போவேன். பெண் பிள்ளை மேடையேறுவதை ஊரில் பேசத்தான் பேசினார்கள். கூட அண்ணன் இருக்கிறான் என்பதால் நைனா விட்டுவிட்டார்.

அண்ணி வந்த பிறகு குழுவில் அவளும் சேர்ந்தாள். முதல் நிகழ்ச்சியிலேயே ஒரு சிக்கல். அண்ணனிடம் இருந்ததெல்லாம் மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கர். அதில் பாட்டு பக்கத்து ஊர்வரை கேட்கும், ஆனால் பேஸ் கிடாரின் சத்தம் வரவே வராது. கொசு முனகுவதுபோல ஏதோ வந்தது. அந்தச் சாயங்காலம் முழுக்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

நிம்மதி நீடிக்கவில்லை. அண்ணன் மாம்பலகை வாங்கி, கடைக்குப் பின்னால் வைத்து, இரவல் ரம்பத்தில் அறுத்து, ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டி செய்தான். பார்க்க பீரோ மாதிரி இருக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டும். அதன் முன்னால் நின்றால் புடவைத் தலைப்பு அசையும். வேலை முடியும்வரை கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோக்கள் வரிசையாகத் தூங்கின.

என் ஆர்மோனியத்துக்குத் தனியாக ஒரு மைக் வேண்டும் என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். பாடகர் மைக்கிலேயே உன்னுதும் விழுதே என்பான். அவளுக்கு ஒரு பீரோ.

எது வாங்கலாம் என்று கேட்டவருக்கு

இந்தப் பத்திரிகைத் தொடரில் முன்பு பேஸ் கிடார் பற்றி ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் படித்த ஒரு பெரியவர், என் பேரன் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறான், கடையில் நாலைந்து விதமாக மாட்டியிருக்கிறது, எது வாங்குவது என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தது மூன்று விதம்தான். அந்த மூன்றையும் நான் வயிற்றெரிச்சலோடுதான் தெரிந்துகொண்டேன். அதனால் தப்பாகச் சொல்ல மாட்டேன்.

அண்ணியின் குட்டைக் கிடார் வயலின் வடிவம். உள்ளே கூடு. கையில் எடுத்தால் காலிக் குடம் மாதிரி லேசாக இருக்கும். கழுத்து சின்னது, அதில் குறுக்கே பதித்த உலோகப் பட்டிகள் நெருக்கமாக இருக்கும், விரலை ரொம்ப விரிக்க வேண்டாம். கம்பியும் தளர்வாக நிற்கும், லேசாக அழுத்தினாலே போதும். சத்தம் 'தும்' என்று உருண்டையாக வந்து சீக்கிரம் அடங்கிவிடும். இரண்டு தொல்லை உண்டு. உடம்பு லேசு என்பதால் கையை விட்டால் கழுத்துப் பக்கம் சாய்ந்து கீழே போகும். இன்னொன்று, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்து வாசித்தால் அந்தக் கூடு ஸ்பீக்கரின் சத்தத்தையே திரும்ப வாங்கி ஊளையிட ஆரம்பித்துவிடும்.

நீளக் கிடார் கெட்டிப் பலகை. ஊளை கிடையாது. கனம் தோளை இறக்கும். கம்பி விறைப்பு, பட்டிகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். ஆரம்பத்தில் சுண்டுவிரலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கும். ஆனால் அதில் ஒரு தடவை தட்டினால் சத்தம் நின்று பேசும். கம்பிக்கு அடியில் இரண்டு பிக்கப். பிக்கப் என்பது காந்தத்தில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியது, கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றி வயருக்கு அனுப்புகிறது என்று அண்ணன் விளக்குவான். கழுத்துப் பக்கம் இருக்கிற பிக்கப் கனமான சத்தம் தரும், கம்பிகள் முடிகிற பக்கம் இருப்பது கூர்மையாகத் தரும். ஒவ்வொன்றுக்கும் தனித் திருகு. ஒன்றை மட்டும் திறந்தால் பின்னால் 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். இரண்டையும் முழுசாகத் திறந்தால் ஒன்றின் இரைச்சலை மற்றது விழுங்கிவிடும்.

மூன்றாவதைப் பாண்டிச்சேரியில் அண்ணியின் அப்பா வீட்டில் பார்த்தேன். அதுவும் நீளம், அதுவும் கெட்டிப் பலகை. பிக்கப் ஒன்றே ஒன்று, அதையும் இரண்டாக வெட்டி மேலும் கீழுமாக வைத்ததுபோல இருக்கும். கழுத்து தடிமன், கை நிறையப் பிடிக்க வேண்டும். சத்தத்துக்கு ஒரு திருகு, தொனிக்கு ஒரு திருகு, அவ்வளவுதான். திருகிக்கொண்டே இருக்க அதில் எதுவும் இல்லை. எடுத்தோமா வாசித்தோமா என்று இருக்கும். அவர் அதைத் தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் என்பதால் என்னை ஒரு நிமிஷம் தொட்டுப்பார்க்க விட்டார்.

பெரியவருக்கு என் பதில் இதுதான். பையன் சின்னவன், கை சின்னது, வீட்டுக்குள்தான் வாசிக்கப்போகிறான் என்றால் குட்டை. கை பெரியது, குழப்பம் வேண்டாம் என்றால் ஒற்றைப் பிக்கப். விதவிதமான சத்தம் வேண்டும், திருகுகளோடு மல்லுக்கட்டப் பொறுமை உண்டு என்றால் இரட்டைப் பிக்கப். எதுவானாலும் பையனே போய் மடியில் வைத்துப் பார்த்து எடுக்கட்டும். பக்கத்து வீட்டுப் பையன் என்ன வைத்திருக்கிறான் என்று பார்த்து மட்டும் வாங்க வேண்டாம்.

நான் அப்படித்தான் எடுத்தேன்.

குட்டை எனக்கு வேண்டாம்

அண்ணி வந்த இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, கொல்லையில் இருவரும் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். வெயில் ஏறி, ராஜகிரி மலைப் பாறையெல்லாம் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. உனக்கு பேஸ் கத்துத் தரட்டுமா லூர்து என்று அவளாகவே கேட்டாள். அவள் குரலில் எந்தப் பெருமையும் இல்லை. அவளிடம் குறை கண்டுபிடிக்க நான் எவ்வளவோ முயன்றேன், அவள் இடமே தரவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

சரி என்றேன். அவள் உள்ளே போய்க் குட்டைக் கிடாரை எடுத்துவந்தாள்.

"இதுல ஆரம்பி. கை பழகினதுக்கு அப்புறம் பெருசு எடுத்துக்கலாம்" என்றாள்.

நியாயமான பேச்சு. இன்றைக்கு யாரும் அதைத்தான் சொல்வார்கள். அன்று எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. தான் வாசிக்காத மிச்சத்தை எனக்குத் தருகிறாள் என்று கேட்டது.

"குட்டை எனக்கு வேணாம். நீங்க எதுல வாசிக்கிறீங்களோ அதுலயே சொல்லிக் குடுங்க" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். என் கை சின்னது. வளையல் கடையில் குழந்தை அளவு கேட்டு வாங்குகிற கை. பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நீளக் கிடாரைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள்.

அடுத்த சில மாதங்களை என் விரல்கள்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன. இரண்டு கையிலும் நுனியெல்லாம் கொப்புளம், இடதில் அதிகம். கொப்புளம் உடைந்து காய்க்கும், காய்த்த இடம் வெடிக்கும். பள்ளியில் சாக்பீஸ் பிடித்தால் காந்தும். கோயிலில் ஆர்மோனியக் கட்டையை அழுத்தும்போது வலியில் தாளம் பிசகி, பாடல் குழுவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். வீட்டில் இடது கையால் எதையும் எடுக்காமல் சமாளித்தேன். அண்ணிக்குத் தெரிந்துதான் இருந்தது. அடுப்படியில் நல்லெண்ணெய்க் கிண்ணம் தினமும் என் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். நான் அதைத் தொட மாட்டேன்.

பாடத்தில் மட்டும் அவள் சமரசமே செய்ய மாட்டாள். ஜோடனை எதுவும் கூடாது. தபலா விழுகிற இடத்தில் ஒரு ஸ்வரம், அவ்வளவுதான். அதை விட்டுவிட்டு நான் ஓடி ஆடி வாசித்தால் கையை வைத்து நிறுத்திவிடுவாள்.

"பாடுறவரு நடக்கறதுக்கு நீ தரை போடற. தரை குதிக்கக் கூடாது" என்பாள்.

அவள் மேடையில் வாசிக்கும்போது நான் ஆர்மோனியத்திலிருந்து அவள் இடது கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவசரமே இல்லாத கை. பட்டியிலிருந்து பட்டிக்கு அது போவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். பாடகர்கூட அவள் வந்த பிறகு சுருதி என் பக்கம் கேட்பதில்லை, அவள் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டு ஆரம்பிப்பார். பாராட்ட வருபவர்கள் முதலில் அவளிடம் போவார்கள். பாண்டிச்சேரி அம்மா என்று அவளுக்குப் பெயரே வந்துவிட்டது. எனக்குப் பெயர் இல்லை. ஆர்மோனியம் வாசிக்கிற பொண்ணு.

அவள் கையை அறுத்து எனக்கு ஒட்டிக்கொள்ள முடியுமா என்றுகூட ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்காலிட்டபடி யோசித்திருக்கிறேன். என் பொறாமை எந்த அளவுக்கு என்று தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏழாம் மாதம்

அடுத்த வருஷம் அண்ணி உண்டானாள். வீட்டில் அவளுக்கு மரியாதை இன்னும் ஒரு படி ஏறியது. மாதம் ஏற ஏற நீளக் கிடார் அவளுக்கு ஒத்துவரவில்லை. அதன் கனமும் முதுகில் இழுக்கிற பட்டையும் பெரிய தொல்லை. வயிற்றின் மேல் பலகை நிற்காது. அவள் குட்டைக்கு மாறினாள். மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதில் வாசித்தாள். அப்போதும் ஒரு குறையும் தெரியவில்லை. அது வேறு எனக்கு எரிச்சல்.

நீளக் கிடார் வீட்டில் என் கைக்கே வந்துவிட்டது. பழகப் பழக, கொப்புளம் வந்த இடமெல்லாம் கல் மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் மேடையில் என் இடம் ஆர்மோனியம்தான்.

அண்ணிக்கு ஏழாம் மாதம் நடக்கும்போது அனந்தபுரத்தில் ஒரு மல்லாட்டை வியாபாரி வீட்டுக் கல்யாண வரவேற்பு. நைனாவுக்கு மண்டியில் பழக்கமானவர். அதனால் நைனாவும் எங்களோடு வேனில் வந்தார். அண்ணிக்கு இதுதான் கடைசி நிகழ்ச்சி, அதற்குப் பிறகு பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போகப்போகிறார்கள் என்று பேச்சு. கம்பி ஏதாவது அறுந்தால் இருக்கட்டும் என்று அண்ணன் நீளக் கிடாரையும் ஏற்றிக்கொண்டான்.

பந்தல் சின்னது. மேடை அதைவிடச் சின்னது. பீரோப் பெட்டியை வைக்க வேறு இடமில்லாமல் அண்ணியின் நாற்காலிக்கு நேர் பின்னால் வைத்தார்கள். விளக்கேற்றி, மாப்பிள்ளையும் பெண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். பாடகர் முதல் பாட்டை எடுத்தார். அண்ணி முதல் ஸ்வரத்தைத் தட்டினாள்.

கிடார் ஊளையிட்டது. ஒற்றை ஸ்வரம் அடங்காமல் ஏறிக்கொண்டே போய்ப் பந்தல் முழுவதையும் நிறைத்தது. குழந்தைகள் காதைப் பொத்தின. அண்ணன் ஓடிவந்து சத்தத்தைக் குறைத்தான். குறைத்தால் பேஸே கேட்கவில்லை. கொஞ்சம் ஏற்றினான், மறுபடி ஊளை. பெட்டியை நகர்த்தலாம் என்றால் ஒருபக்கம் பந்தல் கால், மறுபக்கம் மாப்பிள்ளையின் சோபா.

அண்ணி குட்டையைக் கீழே வைத்துவிட்டு நீளத்தைக் கொண்டுவரச் சொன்னாள். மடியில் வைத்துப் பார்த்தாள். வயிற்றின் மேல் அது சறுக்கியது. எழுந்து பட்டையைத் தோளில் மாட்டினாள். இரண்டு கம்பி தட்டுவதற்குள் முகம் வெளுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

பாடகர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு நின்றார். பெண் வீட்டார் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"லூர்து, நீ எடு" என்றாள் அண்ணி.

அவள் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கிடாரைப் பார்த்துச் சொன்னாள்.

தரை

ஆர்மோனியத்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். பட்டை என் தோளுக்கு நீளம், கிடார் முழங்காலுக்கு வந்துவிட்டது. அண்ணன் ஒரு முடிச்சுப் போட்டுத் தூக்கிவிட்டான். வயரைச் செருகியதும் 'ம்ம்' என்று இரைச்சல். உள்ளங்கை வேர்வையில் திருகு வழுக்கியது. ஒன்று மூடியிருந்தது. இரண்டையும் முழுசாகத் திறந்தேன். இரைச்சல் நின்றது. ஒரு வினாடி பந்தலே காலியானதுபோல இருந்தது.

முதல் பாட்டில் நான் பின்தங்கினேன். தபலாக்காரர் என் பக்கம் திரும்பி, உட்கார்ந்தபடியே தோளைக் குலுக்கித் தாளம் காட்டினார். இரண்டாவது பாட்டில் சுண்டுவிரல் எட்டாத இடங்களை விட்டுவிட்டேன். மி, லா, மறுபடி மி. வேறு எதுவும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். எங்கேயோ ஓர் இடத்தில் என் விரலும் தபலாக்காரரின் இடது கையும் ஒன்றாக விழுந்தன. மேடைப் பலகை காலுக்கடியில் அதிர்ந்தது. பாடகர் என் பக்கம் திரும்பித் தலையசைத்துவிட்டு அடுத்த அடிக்குப் போனார்.

அது எப்படி இருந்தது என்று எனக்கு இன்னும் எழுதத் தெரியவில்லை. நடக்கிற பாட்டுக்கு அடியில் நான் இருந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை, எல்லாரும் என் மேல்தான் நடந்தார்கள்.

ஏழெட்டுப் பாட்டு போயிருக்கும். நடுவில் அண்ணியின் நாற்காலியைப் பார்த்தேன், அவள் அங்கே இல்லை. களைத்துப்போய் உள்ளே படுத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் மல்லாட்டை வியாபாரி நைனாவைத் தேடிப் போனார். நைனா பந்தலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கிற பக்கம், மண்டிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் கிடாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொண்டேன்.

வியாபாரி, உங்க மருமக பிரமாதமா வாசிச்சிச்சு என்றார்.

"ஆமா. பாண்டிச்சேரில கத்துக்கினது" என்றார் நைனா.

பெட்டியின் கொக்கியை மாட்ட என் விரல்களுக்குத் தெரியவில்லை. அழுகையெல்லாம் வரவில்லை. நான் அவ்வளவு நாள் புண்ணாக்கிக்கொண்ட கைக்குக் கிடைத்த நல்ல பெயர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தவள் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது.

வேனில் திரும்பும்போது அண்ணன்தான் சொன்னான், நைனா, இன்னிக்கி வாசிச்சது லூர்து என்று.

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். "அப்பிடியா? வெளியில இருந்து கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலியே" என்றார்.

அது பாராட்டா அவமானமா என்று செஞ்சி வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டு வந்தேன். இன்றுவரை தீரவில்லை.

மறுநாள் காலை

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடுவேன். அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. திரும்பி வந்து சில மாதங்களில் நீளக் கிடாரை அவளே எடுத்துக்கொண்டாள். நான் குட்டைக்குப் போனேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி ஊர் மாறும்வரை, எந்த மேடைக்கு யார் எதை எடுப்பது என்று எங்களுக்குள் உரசல் இருந்துகொண்டேதான் இருந்தது. சண்டை என்று வெளியில் தெரியாது. பெட்டியை யார் முதலில் தூக்குகிறார்கள் என்பதில் இருக்கும். அவளைவிட நான் நன்றாக வாசித்தேன் என்று யாரும் சொன்னதில்லை. உண்மையும் அதுதான். அதனால் பொறாமை குறைந்தது என்று நினைக்க வேண்டாம்.

ஆனால் அனந்தபுரத்துக்கு மறுநாள் காலை ஒன்று நடந்தது.

அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். நான் அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கால் வீங்கியிருந்தது.

"நேத்து நீ வாசிக்கிறப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா?" என்று கேட்டாள்.

உள்ளே படுத்திருந்தீங்க என்றேன்.

"இல்ல. பின்னால அண்டா கழுவுற எடத்துல போயி நின்னுக்கினு இருந்தேன். அங்க இருந்து மேடை தெரியாது."

நான் திரும்பினேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்? தப்பா வாசிச்சனா?"

"தப்பா வாசிச்சிருந்தா அங்கியே உக்காந்து பாத்துக்கினு இருந்திருப்பேன்" என்றாள்.

அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு, தொட்டுக்கொள்ள இருந்த மிளகாய்ப்பொடி மேல் பழியைப் போடுவதுபோல, காரம் என்றாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. முதல் தடவையாக எனக்கு அவளைப் பிடித்தது.

கல்லில் இருந்ததை எடுத்து அவள் தட்டில் போட்டேன். இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன். வேண்டும் என்றாள். நெய் ஊற்றி முறுகலாக வார்த்தேன்.